ரெண்டாம் சனிக்கிழமை பென்ஷன் ஆபீஸ்

ஹலோ... ஹலோ, ஏன்னா, நான்தான், சீதாலக்ஷ்மி. எங்கே இருக்கேள்?... பென்ஷன் ஆபீஸ்லயா. சரி... ஆமாம், ஆமாம், நன்னாக் கேக்கறது. கியூ நீளமோ?... ஓஹோ. இன்னிக்கு ரெண்டாம் சனி. கேரளத்துல ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸும் திறக்காதாக்கும்.

ஹலோ?... இருக்கேளா?... லைன் ஒண்ணும் கட்டாகலை. பூட்டிக் கிடக்கற ஆபீஸ்ல என்ன கியூ?

பின்னால என்ன சத்தம்?... டிவியா. போதும், பொய்யை நிறுத்துங்கோ. அஞ்சு நாளாப் பார்த்துண்டே இருக்கேன். சாயங்காலம் வந்தா சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. தோள்ல சுளுக்குக்குத் தேய்க்கற முறிவெண்ணெய் வாசனை. காகிதத்துல கையெழுத்துப் போட்டா தோள் வலிக்குமா?... ரத்னாபாய் உங்களைத் தம்பானூர் ஸ்டேஷன் வாசல்ல பார்த்தா. ஆட்டோலேர்ந்து ஒரு வெள்ளைக்காரி இறங்கினாளாம், செம்பட்டை முடி. நீங்க அவ பெட்டியைத் தூக்கிண்டு பின்னாலயே போனேளாம்... ஆமாம், நம்ம மாடி வீட்டு ரத்னாபாய்தான். அவளுக்குக் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை.

யார் அவ?... இலோனா. பேர்லாம் ஜோராத்தான் இருக்கு... எந்த ஊர்?... ஹங்கேரியா? பாட்டுக் கோஷ்டியா? எத்தனை பேர்?... ஏழு பேர். சரி, அதுல உங்களுக்கு என்ன ஜோலி?... துருத்தி அடிக்கறேளா? எதுக்கு?... ஆர்கனுக்கு.

ஏன்னா, கதை விடறதானா கொஞ்சம் யோசிச்சு விடுங்கோ, கேட்டேளா. இந்தக் காலத்துல ஆர்கன் கரண்ட்ல ஓடாதா?... ம்... ம்... நானூறு வருஷத்துப் பாட்டு. அதை அந்தக் காலத்து வாத்தியத்துலதான் வாசிப்பாளா. கையாலதான் காத்தடிக்கணுமா... அதுக்கு அவாகிட்ட ஆள் இல்லையா?... கல்லாத்துல குளிக்கப் போன இடத்துல, பாறை வழுக்கி அந்த ஆளுக்குக் கை ஒடிஞ்சுடுத்தா. ஐயோ பாவம்... இருங்கோ, நான் நம்பிட்டேன்னு நினைக்காதேங்கோ. பக்கத்துல யார் இருக்கா?... கச்சேரி நடத்தற அனந்தா? அவர்கிட்ட குடுங்கோ... இல்லை, இப்பவே குடுங்கோ.

ஹலோ, அனந்த் சாரா? நான் அவரோட ஆத்துக்காரி பேசறேன்... ஆமாம்... ஆமாம்... துருத்தியா? நிஜமாவா?... மத்தவாள்லாம் அஞ்சு நிமிஷத்துல திணறிட்டாளா. இவர் மட்டும் ஒரே நிதானமா அடிக்கறாரா... இவருக்கு எப்படி வந்ததாம்?... என் பாட்டுக்கு இருபது வருஷம் சுருதிப்பெட்டி போட்ட கைன்னு சொன்னாரா.

ம்... பின்னே என்கிட்ட எதுக்கு மறைச்சாராம்?... சொல்லுங்கோ, பரவாயில்லை... நான் அங்கே வந்து, இவர் பாதியில தூங்கிடுவார்னு அவாகிட்ட சொல்லிடுவேன்னு பயந்தாரா.

... இல்லை, ஒண்ணுமில்லை. ஃபோனை அவர்கிட்டயே குடுங்கோ.

ஏன்னா... கோபமில்லை... கோபமில்லைன்னு சொல்றேனே. ஒரே ஒரு நாள்தான் கண் அசந்தேள். நவராத்திரிக் கச்சேரி. சுருதி அமுங்கிப் போச்சு. மேடையிலேயே, அத்தனை பேர் முன்னாலயும் உங்களைத் தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டேன். மறுநாளே போய் கரண்ட்ல ஓடற சுருதிப்பெட்டி வாங்கிண்டு வந்தேன். நீங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. நானும் கேக்கலை... பன்னெண்டு வருஷம் ஆயிடுத்து. நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது... ஆமாம். தப்புதான்.

எப்போ கச்சேரி?... நாளைக்கு ஆறு மணி. எனக்கு ஒரு சீட் சொல்லுங்கோ... முன் வரிசையெல்லாம் வேண்டாம். உங்க கை தெரியற இடமா இருந்தாப் போறும்... அந்த இலோனா எங்கே உட்காருவா?... அவதான் ஆர்கன் வாசிக்கறாளா, உங்க பக்கத்துலயா. ஓஹோ. அப்போ ரெண்டு பேரும் தெரியற இடமாப் பாருங்கோ.

ம்... கூப்பிடறாளா? போங்கோ, போங்கோ... பயப்படாதேங்கோ. உங்க தலை சாஞ்சா நான் இருமறேன். யாருக்கும் தெரியாது... வைக்கறேன்.