முனியன் சொன்னது

இட்லி வட்டமாக இல்லாவிட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது, மேடம். என் மனைவி அனுசுயா இதைச் சொல்லியே சொந்தக்காரர்களைச் சிரிக்க வைப்பாள். நான் கோபித்துக்கொள்வதில்லை. ஒழுங்கு பிடித்தவனுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்?

குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவுக்கு நான் வந்த புதிதில் அங்கிருந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் கணினியில் வரைந்து அனுப்பும் படங்களில் ஆளுக்கொரு சட்டம். திருமழிசைக்காரர் ஒருவர் குடிநீர்க் குழாயைச் சிவப்பில் போடுவார். அயனம்பாக்கத்துக்காரர் அதே சிவப்பில் சாக்கடையைப் போடுவார். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் ஊரே சாக்கடையைக் குடிப்பது போலிருக்கும். மூன்று வருடம் உட்கார்ந்து நூற்றுப் பதினான்கு பக்கத்துக்கு விதி எழுதினேன். குடிநீர் நீலம், சாக்கடை பழுப்பு, மழைநீர் பச்சை. ஒவ்வொரு குழாய்க்கும் எண், போட்ட வருடம், விட்டம், ஆதார ஆவணம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கணினியே படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்குப் பிறகுதான் இரவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

நூம்பலில் ஒரு குறுக்குத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை போட ஒரு படம் வந்தது. வரைந்தவர் கிஷோர், ஒப்பந்தக்காரரின் ஆள், நல்ல வேலைக்காரர். கணினிப் படத்தில் ஒவ்வொரு வகைக் கோட்டையும் தனித்தனி அடுக்கில் வைப்பார்கள். அடுக்குக்குப் பெயரும் உண்டு. கிஷோரின் படத்தில் என் விதியில் இல்லாத ஓர் அடுக்கு இருந்தது. அதன் பெயர் ‘முனியன் சொன்னது’. உள்ளே ஒரே ஒரு புள்ளிக்கோடு, தெருக்கோடி வரைக்கும்.

திருப்பி அனுப்பினேன். மறுநாள் கிஷோர் முனியனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முப்பது வருடமாக அந்தப் பக்கத்தில் வால்வு திறந்து மூடுகிறவர்.

“பஞ்சாயத்து காலத்துல போட்ட சிமென்ட் பைப்பு சார் அது. நான்தான் கூட நின்னு பொதச்சேன். கடைசி பன்னெண்டு ஊட்டுக்கு இன்னிக்கும் அதுலதான் தண்ணி போவுது. என் ஊடும் அங்கதான் கீது. ஜேசிபி எறங்குச்சுனா நொறுங்கிடும்.”

விட்டம் கேட்டேன். இரண்டு கையாலும் காற்றில் ஒரு வட்டம் பிடித்தார். “இம்மாந்தண்டி கீது சார்.”

ஆதார ஆவண எண் கேட்டேன்.

“ஆவணம் இன்னாத்துக்கு சார்? அதான் நானே வந்துகீறேனே.”

நான் அவரை அவமதிக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன். ‘விவரம் தெரியாத குழாய்’ என்று போடலாமா என்று கிஷோர் கெஞ்சினார். குழாய் என்றிருந்தால் விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை வெளிமாநிலங்களிலிருந்து எங்கள் முறையைப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. ஒரு பிழைகூட இல்லாத படத்தைத் திரையில் காட்ட வேண்டும். நூம்பல் படத்தில் அந்த ஒரு கோடுதான் பிழை. வியாழக்கிழமை மாலை நானே அதை அழித்தேன். கணினி நூற்றுக்கு நூறு போட்டது. குழு கைதட்டியது, எனக்குச் சால்வை போட்டார்கள்.

அடுத்த மாதம் ஜேசிபி இறங்கியது. குழாய் உடைந்தது. படத்தில் இல்லாத குழாயை உடைத்ததாக யாரிடம் போய்ச் சொல்வது? வேலையாட்கள் டயர் ட்யூபைச் சுற்றிக் கட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். புதுச் சாக்கடை அதற்கு இரண்டடி தள்ளித்தான் ஓடியது.

தண்ணீர் நாறுகிறது என்று பன்னிரண்டு வீட்டிலிருந்தும் புகார் வந்தது. புகார்ப் பிரிவு லாவண்யா என்னிடம் வந்து நின்றார். “சார், பதியணும்னா குழாய் எண் கேக்குது. அந்தத் தெருக்கோடியில எண்ணே இல்லியே?”

படத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அங்கே குடிநீர்க் குழாயே இல்லை. இல்லாத குழாயில் கெட்ட தண்ணீர் வர வழியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு நாள் தொடர்ந்து புகார் வந்தது, பதினோரு நாளும் அதே பதில்தான். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

முப்பத்தெட்டுப் பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று பேர் வீடு திரும்பவில்லை. அதில் ஒருவர் கெங்கம்மாள், முனியனின் மனைவி. காரியம் முடிந்த மறுநாள் முனியன் அலுவலகத்துக்கு வந்தார். “அந்தக் கோட்ட இன்னா சார் பண்ணே?” என்று மட்டும் கேட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று மதியம் சாப்பிடவில்லை.

அப்படியொரு குழாய் இருப்பது எனக்குத் தெரியுமா என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கோட்டை அழித்த அந்த வியாழக்கிழமை மதியமே நான் நூம்பலுக்குப் போயிருந்தேன். முனியன் வேலைக்குப் போயிருந்தார். வாசல் குழாயில் கெங்கம்மாள் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லவில்லை. தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன்.

“எங்க ஊட்டுக்காரு பொதச்ச பைப்புலதான் நைனா வருது. இன்னா இப்டி வேர்த்துப்போய் வந்துகீறே? குந்து.” உள்ளே போய்ச் சொம்பு எடுத்து வந்து, குழாயில் பிடித்துக் கொடுத்தார். குடித்தேன். உப்பில்லை, வாடையில்லை. இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்து கோட்டை அழித்தேன்.

தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தவறு என்று ஒன்றைக் குறித்தே ஆக வேண்டுமென்றால், நான் அந்த வீட்டில் தண்ணீர் குடித்திருக்கக் கூடாது. மற்றதெல்லாம் விதிப்படிதான் நடந்தது, மேடம்.