இரண்டு கருவி, ஒரே எண்

— அட, ரெண்டு கருவியும் ஒத்துப்போகுதுன்னா சந்தோஷப்படுவியா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியா? வாஃபிள் ஆறுது, பழுப்புச் சீஸ் வேற வெச்சிருக்கேன். சாப்பிடு குன்வோர்.

— எனக்கு எறங்கல, ஸ்வெர்ரே. கடைசிப் புள்ளி வரைக்கும் ஒத்துப்போகுது. மலை எவ்வளவு நகருதுன்னு அளக்கற கருவிங்க இது. மேல் கருவி, ஊர் மேல சரியுமோன்னு பயப்படற வெடிப்பு விட்ட பாறை மேல; கீழ் கருவி ஓரத்துக் கெட்டிப் பாறையில. கூடப் பொறந்த ரெட்டைக்கே இவ்வளவு ஒத்துமை இருக்காதுப்பா.

— ஆரம்பிச்சுட்டியா, சந்தேக ராணி! ரெண்டும் ஒரே எண்ணைச் சொன்னா, ஊரக் காலி பண்ணவெச்ச சனங்களத் திரும்ப வீட்டுக்கு அனுப்பலாம்னுதானே விதி? காலையில நான்தான் போங்கன்னு சொன்னேன். எங்க அக்கா ரக்ன்ஹில்ட் இந்நேரம் மலையடிவாரத்துல ஜன்னலத் தொறந்துபோட்டு வீட்டைக் கூட்டிக்கிட்டிருப்பா.

— அதனாலதான் நிரலத் திரும்பப் படிச்சேன். இந்தப் பழைய ஃபோர்ட்ரான் கணினி நிரல், எண்ணு ரெண்டும் சமமான்னு மட்டும்தான் பாக்குது. எந்தக் கருவியிலேருந்து எண்ணை எடுக்கணும்னு காட்டற சுட்டி ரெண்டும் ஒரே இடத்தக் காட்டுதான்னு கேக்கவே இல்ல.

— மனுச பாஷையில சொல்லு தாயே.

— ரெண்டு சாட்சி இருக்குன்னு நம்பினோம். ஒரே ஆளை ரெண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டு, ரெண்டு தடவ வாக்குமூலம் வாங்கியிருந்தா?

— உளறாத. அது எப்படி ஆகும்?

— குளிர்காலத்துல மேல் கருவி பனியில செத்துப்போச்சில்ல? சோதனை நிக்கக் கூடாதுன்னு அதோட சுட்டியக் கீழ் கருவி பக்கம் திருப்பிவிட்டோம், தற்காலிகமா. புதுக் கருவி மாட்டினப்போ பழையபடி வெச்சோமா?

— வெச்சோம். வெச்சிருப்போம்... யாராவது வெச்சிருப்பாங்க.

— இரு, ஒரு வரி எழுதறேன். ரெண்டும் ஒண்ணுதானா, இல்லையா. இதோ, ஓட்டிட்டேன்.

— என்ன சொல்லுது?

— ஆமாங்குது.

— ஐயோ. அப்ப மேல் கருவிய...

— ஏறெடுத்தும் பாக்கல. கெட்டிப் பாறை அசையலன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு, நாம தலையாட்டினோம். அக்காவுக்குப் போனப் போடு, ஓடச் சொல்லு. சைரனுக்கு நான் சொல்லிட்டேன். மேல் கருவியோட நெச எண்ணு இப்ப வந்துரும்.

— லைனே போகல. அங்க சிக்னல் எப்பவும் இழுபறிதான்... எப்பவும் அப்படித்தானே, குன்வோர்?

— வந்துடுச்சு.

— எவ்வளவு நகர்ந்திருக்கு? விரக்கடையா? முழமா? எனக்கு பயமா இருக்கு, சொல்லித் தொலையேன்!

— மேல் கருவி இப்ப கீழ் கருவிக்கும் கீழ கெடக்கு, ஸ்வெர்ரே.