புகையில்லாத வெடி

ராகலையில் ஒரு துவக்கு வெடித்தால், றொசல்லயில் போர்வைக்குள் கிடக்கும் நல்லமுத்துவின் மூக்கு அது எந்த வெடிமருந்து என்று சொல்லிவிடும். காற்று எதிர்ப்பக்கம் அடித்தாலும் சரி!

சிரிக்காதீர்கள். இன்னும் கிட்ட வாருங்கள்... இது நல்லமுத்துவின் சிநேகிதருடைய மகள் வேலாயிக்கு நடந்தது.

மாலை ஆறே முக்கால். நாலாம் நம்பர் மலைப் பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. விறகுக்குப் போன வேலாயியின் புருஷன் அழகனை, தேயிலைத் தோட்டக் காவல்காரன் பொன்னையா தோளில் தூக்கி வந்தான். பிணமாக.

"பன்னிக்கு இவனே களவா கட்டின கட்டுத்துவக்கு. கம்பியில கால் பட்டு வெடிச்சிருச்சு."

தோட்டமே நம்பியது. கள்ள வேட்டைக்காரன் பெண்சாதி என்ற பேர் வேலாயிக்கு ஒட்டிக்கொண்டது. அவள் மட்டும் நம்பவில்லை.

"அவருக்குத் துவக்குன்னாலே பயங்க மாமா" என்றாள் நல்லமுத்துவிடம்.

பதினாறாம் நாள். நல்லமுத்துவும் வந்திருந்தார். அழகனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, விளக்கேற்றி, செத்தவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். பொன்னையா மட்டும் சிரித்தான்.

"செத்தவனுக்கு ஏதுங்க பசி?"

உள்ளே... டமார்!

பதினாறு லய வீட்டு வரிசையும் குலுங்கியது என்பார் நல்லமுத்து. சரி, பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலாயி கதவைத் தள்ளினாள். விளக்கு அசையாமல் எரிந்தது. ஆளில்லை. துவக்கில்லை. புகையும் இல்லை.

"இடி" என்றான் பொன்னையா. "மழைக்காலம்தானே."

நல்லமுத்து மூக்கை நீட்டினார். சுருக்கென்று ஏறும் ஒரு காரம்... நகப்பூச்சுக் குப்பியைத் திறந்ததுபோல.

"கட்டுத்துவக்குல கருமருந்துதான் போடுவாங்க. அது வெடிச்சிருந்தா வீடு பூரா வெள்ளைப் புகை, அழுகின முட்டை நாத்தம். இது தோட்டாவுல வர்ற புகையில்லா மருந்து. புகையில்லைன்னா தடமும் இருக்காதுன்னு யாரோ நெனச்சுட்டான்."

அந்தத் தோட்டத்தில் தோட்டாத் துவக்கு வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்.

வேலாயி திரும்பிப் பொன்னையாவைப் பார்த்தாள். புருஷனுக்குக் குழி வெட்டியவன். பதினாறு நாளும் அரிசி கொண்டுவந்து கொடுத்தவன்.

"அண்ணே?"

பொன்னையா படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இடியில்ல, தங்கச்சி. வெடிதான்... அன்னைக்கும் இதே சத்தம்தான். மூடுபனியில பன்னின்னு நெனச்சு சுட்டேன். கிட்டப் போனா, உசிரு இருந்துச்சு. 'தூக்குங்கண்ணே'ன்னு கேட்டான்."

"தூக்குனீங்களா?"

"தூக்குனேன்... பேச்சு நின்னதுக்கப்புறம்."