வழிகாட்டுற பெட்டிக்கு ஓர் இடம்

— அங்கிட்டு வேணாம் கங்கப்பண்ணே. இங்கிட்டு, கதவோரமா, இந்த வலது மூலையில ஒட்டுங்க.

— அய்யோ தேவுடா! மேடம், இது மூணாவது தடவை. போன்ல உங்க வீட்டுக்கார சாரு நடுவுலங்கறாரு, நீங்க மூலையிலங்கறீங்க. நான் பெட்டியக் கையில புடிச்சுக்கிட்டு பாகலூர் ரோட்ட வேடிக்கை பாத்துட்டு நிக்கறேன். இது கார் சாமான் கடையா, பஞ்சாயத்தா?

— அனு, போன ஸ்பீக்கர்ல போடு. கங்கப்பன், செல்வம் பேசறேன். நடுவுலயே வையுங்க. பிள்ளையாருக்கு இடது பக்கம் ஏழு இஞ்ச். புனேக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே அந்த டேஷ்போர்ட அளந்து வச்சிருக்கேன்.

— ஸ்பீக்கர்லதாங்க இருக்கு, கடை பூரா கேக்குது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அளந்ததையா இன்னும் நெனப்பு வச்சிருக்கீக? ஆமா, போன்லயே மேப்பு இருக்கையில இதை எதுக்கு புனேல இருந்து கூரியர்ல அனுப்புனீக?

— உன்னை திங்கக்கிழமையில இருந்து பேரிகை பக்கத்து யூனிட்டுக்கு மாத்தறாங்க, கம்பெனி பஸ்ஸும் கெடையாதுன்னு நீதானே சொன்ன? அந்தப் பக்கம் பாதி எடத்துல டவர் இருக்காது. இது நேரா சேட்டிலைட்டப் பாக்கற பெட்டி, போன நம்பி இல்ல. கம்பெனி எனக்குக் குடுத்த வண்டியில இதை வச்சுத்தான் ஊரு ஊராப் போனேன். இப்ப வண்டியத் திருப்பிக் கேட்டுட்டாங்க. பெட்டி நான் வாங்குனது. நீ தனியாப் போறியே, அதுக்கோசரம்தான் அனுப்பினேன்.

— தனியாப் போறேங்கறது இப்பத்தான் தெரியுதாக்கும்.

— மேடம், சாரு, நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன். நடுவுல வச்சா ஏசி காத்து படும், பெட்டி சூடாகாது. மூலையில வச்சா வயரு கதவு ரப்பருக்குள்ள போயிடும், பாக்க லட்சணமா இருக்கும். ரெண்டும் நல்ல எடந்தான். ஆனா மூலையில வச்சா பக்கத்து சீட்டுல உக்கார்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

— பக்கத்து சீட்டுல யாரும் உக்கார்றதில்லண்ணே.

— அனு, நான் உக்காரமாட்டேனா? நடுவுல வச்சாத்தான் ரெண்டு பேரும் பாக்கலாம். நீ ஓட்டு, நான் திருப்பம் வர்றப்ப சொல்றேன்.

— எப்ப? போன பொங்கலுக்கு வர்றேன்னீக. அப்புறம் ஆடிப் பதினெட்டுன்னீக. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு நமுத்தே போச்சு. அந்த சீட்டுல உக்காந்து வர்றது என் காய்கறிப் பைதான். அதுக்கு மேப்பு பாக்கத் தெரியாது.

— ஒவ்வொரு தடவையும் ஆடிட் வந்துடுச்சு அனு.

— நல்ல நாளாப் பாத்து வர்ற ஆடிட்டு!

— மேடம், நான் போயி ஒரு டீ சாப்புட்டு வரட்டா? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற மாதிரி, என் காது இப்பவே நோவுது.

— இருங்கண்ணே. ஏங்க, அளவெல்லாம் வேணாம், ஒரே ஒரு தேதி சொல்லுங்க. இன்ன தேதிக்கு வந்து இங்கிட்டு உக்காருவேன்னு சொல்லுங்க. நீங்க சொன்ன ஏழு இஞ்சுலயே வைக்கச் சொல்றேன்.

— தேதி சொல்லி வந்தா மட்டும்? நான் கெளம்பற அன்னிக்கு வாசப்படியில நின்னு என்னா சொன்ன? நீங்க போனா எனக்கு இங்க ஒண்ணும் நின்னுடாதுன்னு சொன்னியே.

— கோவத்துல சொன்னதுங்க அது. சிவகங்கையில இருந்து வந்து, பத்து வருசம் கம்பெனி லைன்ல நின்னு வேலை பாத்து, அப்பத்தான் சூப்பர்வைசர் ஆனேன். நீங்க ஒரு வார்த்தை கேக்காம டிரான்ஸ்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து, உன் வேலைய விட்டுட்டுப் பின்னாடி வான்னீக. எனக்கு வயிறு எரியாதா?

— கோவத்துலதான் நெசம் வெளிய வரும்.

— அப்ப அதையே நம்பிக்கங்க. தேதி இல்லைல்ல? அண்ணே, வலது மூலை. ஓட்டுறவளுக்குத் தெரிஞ்சாப் போதும்.

— சாரு, நீங்க என்னா சொல்றீங்க?

— அவ சொல்ற எடத்துலயே ஒட்டுங்க கங்கப்பன்.

— சரிங்க சாரு... அழுத்திப் புடிச்சா ஒரு நிமிசம். ம், ஒட்டிக்கிச்சு. மேடம், சாவியத் திருப்புங்க. லைட்டு வந்துச்சா? ஏதாச்சும் ஒரு ஊரப் போட்டுப் பாருங்க.

— ஏற்கெனவே பேரு வரிசையா நிக்குதேண்ணே.

— அது முன்ன போன எடமெல்லாம் மேடம். தொட்டீங்கன்னா மறுபடி அங்கயே கூட்டிப் போவும். தேதி கூட பக்கத்துலயே போட்டிருக்கும்.

— சாக்கன்... கோலாப்பூர்... மறுபடி சாக்கன்...

— அனு, அதெல்லாம் எதுக்குப் பாக்கற? கங்கப்பன், பழசெல்லாம் அழிக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க.

— அமுக்காதீங்கண்ணே! ஏங்க, இதுல நம்ம தெரு இருக்கு.

— அனு...

— ஓசூர், நம்ம தெரு. தீபாவளிக்கு மொத நாளு. இன்னும் கீழ, ஆடிப் பதினெட்டு அன்னிக்கு. அதுக்கும் கீழ, பொங்கலு. மூணு தடவை! இங்கிட்டு வந்தீகளா?

— மேடம், நான் வெளிய நிக்கறேன். கதவச் சாத்திக்கங்க.

— வந்தீகளாங்க?

— வந்தேன்.

— சொந்த வீட்டுக்கு வர வழி கூடவா மறந்துபோச்சு, பெட்டியில பேரு போட்டு வர்றதுக்கு?

— மறக்கல. புனேல இருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஒத்தையா ஓட்டணும் அனு. வீட்டுக்கு இன்னும் இத்தனை தூரம் இருக்குதுன்னு யாராச்சும் சொல்லிக்கிட்டே வந்தா தெம்பா இருக்கும்னு போட்டேன்.

— வந்துட்டு எங்கிட்டுப் போனீக? மாடி ஏறலையே. நான் வாசக்கதவையே பாத்துட்டுக் கெடந்தேனே!

— ஏறுனேன். மூணு தடவையும் கதவு வரைக்கும் வந்தேன். கையக் கூட ஓங்கிட்டேன் தட்டறதுக்கு.

— தட்டுறதுக்கு என்ன?

— உள்ள ஒரே பேச்சு, சிரிப்பு. நாலஞ்சு பேரு இருப்பாங்க. ஒரு தடவை கைதட்டறாங்க. ஒரு ஆம்பளை ஏதோ சொல்றான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. மூணு தடவையும் வீடு நெறைய ஆளு. நீ சொன்ன மாதிரியே, நான் இல்லாம ஒண்ணும் நின்னுடல. நீ நல்லா இருக்கறப்ப நடுவுல நான் எதுக்குன்னு எறங்கிட்டேன். அதுக்கு மேல உங்கிட்ட எந்தத் தேதியச் சொல்றது?

— எனக்கு இந்த ஊருல யாருங்க இருக்கா? அது டிவிங்க.