மேல்நிலைத் தொட்டியின் ஏணி

டீயில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லுங்கள் சார், எனக்கு இனிப்பு ஆகாது.

நான் பேரூராட்சியில் தலைமை எழுத்தர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த வேலை. குழாயில் தண்ணீர் நாறினால் சனம் வந்து என் மேசையைத்தான் தட்டும். செயல் அலுவலரிடம் போய்ச் சொன்னால், எல்லாவற்றையும் என்னிடமே கொண்டுவந்தால் நீ எதற்கு என்பார். எரிச்சலிலேயே என் வயிறு புண்ணாகிவிட்டது.

மேல்நிலைத் தொட்டியின் இரும்பு ஏணி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. தொட்டியைக் கழுவ ஆட்கள் அதில்தான் ஏற வேண்டும். மாற்றித் தரச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. நிதி இல்லை என்று திரும்பி வரும். ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து ஆய்வுக்கு வந்த பொறியாளர் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு உசுரு போனாத்தேன்யா சாங்ஷன் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சர்வீசில் நான் கண்டதும் அதுதான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்படவில்லை. தொட்டி கழுவும் இருவரில் கிளெமென்ட் ஒப்பந்த ஊழியன். செத்தால் வீட்டுக்குச் சல்லிக்காசு வராது. பெலிக்ஸ் நிரந்தரப் பணியாளன். அவன் மனைவி லிடியா பன்னிரண்டாவது தேறியவள், கருணை அடிப்படையில் வேலை கிடைத்துவிடும். அவன் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பெலிக்ஸ் முதலில் மறுத்தான். "ஏணியோட மேல்படி இத்துப்போய்க் கெடக்குண்ணே. நான் ஏற மாட்டேன்."

நேற்றே ஆள் வைத்து வெல்டிங் வைத்தாயிற்று என்றேன். நான் பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. ஏறினான், மேல்படியோடு பெயர்ந்து விழுந்து அங்கேயே செத்தான். வெல்டிங் எதுவும் நடக்கவில்லை சார்.

ஏணிக்கு அந்த மாதமே நிதி வந்தது. லிடியாவின் வேலைக்காக நான்தான் நாயாய் அலைந்தேன். ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வெல்டிங் வச்சாச்சுன்னு அண்ணன் சொல்லிட்டாருன்னு எங்கிட்ட போன்ல சொல்லிட்டுத்தேன் ஏறுனாரு. வச்ச ஆளு யாருண்ணே?"

வேலையில் சேர வேண்டிய தேதியைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். அவள் நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே ஏறியிருக்கலாமே என்கிறீர்கள். நான் விழுந்திருந்தால் அந்த ஏணி ஃபைலை யார் சார் நகர்த்தியிருப்பார்கள்?