கடலுக்கு ஒன்பது சொட்டு

— வாளியை ஏன் ஸ்கூட்டர்லயே விட்டுட்டு வந்தீங்க செயலாளரே? உள்ள கொண்டாங்க. மழையில தண்ணி ஜில்லுனு ஆயிடும்.

— ஆகாது யூஷியா அக்கா. போர்வை சுத்தியிருக்கேன், காத்து மோட்டாரும் ஓடுது. முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். வாளியில இருக்கற தாய்ப்பவளம் உங்களுக்கு இல்ல. டாக்டர் லியாவ் வீட்டுக்குப் போகுது. போற வழியில உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு வந்தேன்.

— உக்காருங்க. முட்டைச் சுருள் போடவா?

— நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்குறீங்க.

— காதுல விழுந்துச்சு. கை சும்மா இருந்தா எனக்குக் கோபம் வரும், அதான் அடுப்பைப் பத்த வைக்கிறேன். ஏன் எனக்கு இல்ல? காலைப் பலகாரக் கடைக்காரிங்கறதாலயா?

— பவளம் வளர்க்கற நம்ம சங்கத்துக் கூட்டத்துல அப்படி யாராவது சொல்லியிருந்தா நானே எந்திரிச்சு வெளிய வந்திருப்பேன். விதின்னு ஒண்ணு இருக்கு. முப்பத்தொரு வருஷப் பவளம் அது. இந்தக் கீலுங்ல யார் தொட்டியில பவளம் இருந்தாலும் அதுலேர்ந்து ஒடிச்சுக் குடுத்த துண்டுதான். வச்சிருந்த பெரியவர் மக வீட்டோட போறார். அடுத்தாப்ல வச்சுக்கறவங்க ஒரு வருஷத் தண்ணிக் கணக்குக் காட்டணும். உங்க கணக்கு நிக்கல.

— எனக்கு நகத்தளவு துண்டுதான் குடுத்தீங்க. அந்தத் தொட்டியைப் பாருங்க. இப்ப சாப்பாட்டுத் தட்டு அகலம். அது நிக்குது இல்ல? கணக்கு மட்டும் எப்படிப் படுத்துக்கும்?

— பவளம் அழகு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க தண்ணியோட காரத்தைப் பாக்கறது, நிறம் மாற எத்தனை சொட்டுன்னு கையால விட்டு எண்ணற டெஸ்ட் கிட். டாக்டர்கிட்ட மெஷின் இருக்கு. மணிக்கு ஒரு தடவை தானே தண்ணியை இழுத்துப் பாத்து எழுதி வச்சுக்குது.

— மெஷினும்தான் பொய் சொல்லும்.

— அதுக்குத்தான் அவர் வாராவாரம் அளவு தெரிஞ்ச தண்ணியைக் காட்டி அதைத் திருத்தி வைக்கிறார். சங்கத்துல எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க. அந்தத் தண்ணி எங்க கிடைக்குதுன்னு மட்டும் மனுஷன் சொல்ல மாட்டேங்கிறார். வெளிநாட்டுச் சரக்கா இருக்கும்.

— ஓஹோ.

— என்ன சிரிக்கிறீங்க? அவர் உங்க வாடிக்கைதானே. ஞாயித்துக்கிழமை சொந்தப் பாட்டிலோட உங்க கடையில வரிசையில நிக்கறதை நானே பாத்திருக்கேன். அவ்வளவு பெரிய டாக்டர், சோயாப் பாலுக்கு நம்ம கூட நிக்கிறார்.

— நல்ல மனுஷன்தான். சரி, என் கிட்டுல என்ன குத்தம் கண்டீங்க?

— டப்பாவை எடுங்க. முப்பது வருஷம் துறைமுகச் சுங்கத்துல இருந்தவன் நான். டப்பாவைத் திருப்பிப் பாக்காம விட மாட்டேன்.

— இந்தாங்க. பாத்துக்கங்க, கெடு தேதி இன்னும் தாண்டல. ஒண்ணு ஒண்ணு அஞ்சு சுழி ஆறு. நூத்திப்பதினஞ்சாம் வருஷம் ஆறாம் மாசம். இப்ப நடக்கறது நூத்திப்பதினாலு. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு.

— அக்கா, இது எந்த ஊர் டப்பா?

— ஏதோ வெள்ளைக்காரன் ஊர். கடையை மூடறேன்னு பாதி விலைக்குக் குடுத்தான்.

— வெள்ளைக்காரனுக்கு நம்ம தைவான் வருஷக் கணக்கு எப்படித் தெரியும்? நம்ம நூத்திப்பதினாலு அவனுக்கு ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு. நீங்க படிச்சது எந்தத் தடவை காய்ச்சின மருந்துங்கற பேட்ச் நம்பர். கெடு தேதி இங்க, பாட்டில் அடியில இருக்கு. மூக்குக் கண்ணாடி போட்டுப் பாருங்க.

— ரெண்டாயிரத்து இருபத்திரண்டு.

— மூணு வருஷம் ஆச்சு செத்து.

— அடக் கடவுளே. பால் பாக்கெட்டு, பிஸ்கட்டு எல்லாத்துலயும் நம்ம வருஷத்தைப் படிச்சுப் படிச்சுப் பழகின கண்ணு.

— இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. சுங்கத்துல புதுசா வர்ற பசங்களும் இதே மாதிரிதான் விழுவாங்க. ஆனா கணக்கு போச்சு. நம்பலைன்னா இதோ, சீல் உடைக்காத புது கிட் கொண்டாந்திருக்கேன். உங்க தொட்டித் தண்ணியை ரெண்டுலயும் பாத்துடலாம்.

— பாருங்க. ஆனா அங்க நிக்காதீங்க. அந்த நீல விளக்குக்குக் கீழ நின்னா மஞ்சளும் பச்சையாத் தெரியும். ஜன்னலோரம் வாங்க. பாட்டிலைத் தலைகீழா நேரா பிடிங்க, சாய்ச்சா சொட்டு பெருசா விழும்.

— எனக்கே சொல்லித் தர்றீங்க.

— ஏழு வருஷமா சொட்டு எண்ணறேன். சொல்லித் தருவேன்.

— ஆறு, ஏழு, எட்டு. நீலம் மாறி மஞ்சளாச்சு. புது கிட்டு எட்டுங்குது. இப்ப உங்களுது... எட்டு, ஒம்பது, பத்து. பத்துல மாறுது. பாத்தீங்களா? மருந்து வீரியம் குறைஞ்சு போச்சு, அதான் கூட ரெண்டு சொட்டு கேக்குது. நீங்க ஒரு வருஷமா ஒம்பது, பத்துன்னு எழுதி வச்சதெல்லாம் பொய்.

— சுருள் ஆறுது, சாப்பிடுங்க.

— சாப்பிடறேன் அக்கா. நான் உங்களுக்கு எதிரி இல்ல.

— தெரியும். அந்தப் பவளம் எதுக்கு எனக்கு வேணும்னு யாராவது கேட்டாங்களா? டாக்டர் வீடு பதினோராவது மாடி. அவரும் அவர் சம்சாரமும்தான் பாப்பாங்க. இங்க காலையில படகு இறங்கி வர்றவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பஸ் ஓட்டறவன், எல்லாரும் அந்தத் தொட்டி முன்னாடி நின்னுட்டுதான் போறாங்க. நம்ம ஊர்ப் பவளத்தை நம்ம ஊர் பாக்கட்டும்னு ஆசை. பெரிய ஆசைதான். இருந்துட்டுப் போகட்டும். இப்ப எனக்காக இன்னொண்ணு செய்ங்க. கல்லாவுக்கு அடியில ஒரு கேன் இருக்கு, அந்தத் தண்ணியையும் ரெண்டு கிட்டுலயும் பாருங்க.

— இது என்ன தண்ணி?

— பாத்துட்டுக் கேளுங்க.

— புதுசுல... ஏழு. பழசுல... ஒம்பது. இங்கயும் ரெண்டு சொட்டு கூட.

— இப்பச் சுவத்துல அந்த அரிசிக்கடை நாள்காட்டியைப் பாருங்க. அதைப் பாத்துதானே நீங்க கணக்கு எழுதிட்டுப் போனீங்க. போன ஞாயித்துக்கிழமை என்ன போட்டிருக்கு?

— பத்து. அதுக்குக் கீழ சின்னதா ஒம்பது. நான் இந்தக் கீழ் வரிசையை கடை ரசீதுக்குப் பரிசு விழற குலுக்கல் நம்பர்னு நினைச்சு விட்டுட்டேன். சங்கத்துக்கு அனுப்பின படியிலகூட அதை எழுதல.

— ஏன் கேக்கல?

— ஊர்ல எல்லாரும்தான் நாள்காட்டியில குலுக்கல் நம்பர் எழுதறாங்க.

— அது குலுக்கல் இல்ல. அது கடல். அந்தக் கேன்ல இருக்கறதும் அதுதான். ஞாயித்துக்கிழமை கடை திறக்கறதுக்கு முன்ன வைமூஷான் கடற்கரைப் பாறைக்குப் போவேன். இந்த ஊர் மழையில கடலோட மேல்மட்டத் தண்ணியை நம்ப முடியாது. பாட்டில்ல கல்லைக் கட்டி ரெண்டாள் ஆழத்துக்கு இறக்கி, அப்புறம்தான் கயித்தால மூடியைச் சுண்டி இழுப்பேன். வந்து முதல்ல கடலுக்குச் சொட்டு எண்ணுவேன், அப்புறம் தொட்டிக்கு. கிட்டு புதுசா இருந்தப்ப கடலுக்கு ஏழு. அப்புறம் எட்டாச்சு, இப்ப ஒம்பது. கடலா கெட்டுப் போகும்? கிட்டுதான் கெடும்.

— அப்ப தொட்டி...

— எப்பவும் கடலுக்கு மேல ஒரு சொட்டு. புரட்டுங்க, ஒரு வருஷத்தையும் புரட்டுங்க. எத்தனை வாரம் தவறியிருக்கேன்னு சொல்லுங்க.

— ஒம்பதுக்கு எட்டு. பத்துக்கு ஒம்பது. புத்தாண்டு வாரத்துலயும் இருக்கு. சூறாவளி வந்த வாரம் மட்டும் காலி.

— அன்னிக்குக் கரைக்குப் போக விடல. போலீஸ்காரன் மறிச்சுட்டான். பொய்யா ஒரு நம்பர் எழுதக் கை வரல, அதான் காலி.

— அக்கா, சுங்கத்துல தராசை வாராவாரம் எடைக்கல் வச்சுத் திருத்துவோம். நீங்க கடலையே எடைக்கல்லா வச்சிருக்கீங்க.

— நான் என்னத்தைக் கண்டேன். கிட்டை நம்பல, கடலைக் கேட்டுக்கிட்டேன். எனக்கே என்னை நினைச்சா இன்னிக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

— இருந்தாலும் குழுவுல ஒருத்தன் கேப்பான். எனக்கே கேள்வி வருதே. டாக்டர் மெஷினைத் திருத்தறது அளவு தெரிஞ்ச தண்ணி. உங்க கடல் தண்ணியை யார் நம்பினா, யார் அதுக்கு முத்திரை குத்தினா?

— டாக்டர் லியாவைப் போய்க் கேளுங்க. ஞாயித்துக்கிழமை தவறாம நான் அவர் பாட்டில்ல ஊத்திக் குடுக்கறது சோயாப் பால் இல்ல.