முயலின் பல்

யுத்த காலத்தில் ஒரு நாள் தூத்துக்குடியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் ஓலைப்பெட்டி, அதற்குள் வெள்ளை முயல். அவளுக்கு முன்னால் நின்றவர், அவள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் போல, திரும்பிப் பார்த்தார்.

“ஏளா, ஒன் முயலு எங் கதவக் கொறிச்சிட்டு. என் கீரிக்குப் புடுங்கின மாதிரி இதுக்கும் பல்லப் புடுங்கிப் போடு.”

“ஒம்ம கீரி இப்பம் கஞ்சி குடிச்சிக்கிட்டு கெடக்கு. முயலுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. கொறிச்சாத்தான் தேயும். பனமட்ட போட்டிருக்கேன், இனிமே கதவத் தொடாது.”

“அதெல்லாம் முடியாது. நானே வந்து புடுங்குதேன்.”

அவள் பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“கொறடு எடுத்துக்கிட்டு வாரும். முயலுக்குப் போன பல்லு திரும்ப வளரும். ஒமக்கு வளராது.”